சுட்ட தோட்டா உறையைத் திரும்பச் சூடாக்கணுமா? ரீலோடிங்காரர்களின் தீராத ‘அனீலிங்’ சண்டை

அமெரிக்காவில் ஏதாவது ஒரு ரைபிள் ரேஞ்சுக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சுட்டு முடித்தவர்கள் குனிந்து தரையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். குண்டு எப்போதோ பறந்துபோய்விட்டது. அவர்கள் தேடுவது, ரைபிளிலிருந்து துள்ளி விழுந்த காலி பித்தளை உறைகளை. ஒன்று காணாமல் போனால்கூடப் புல்லுக்குள் கைவிட்டுத் தேடுகிறவர்கள் உண்டு.

காரணம் காசு. ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கே சமாச்சாரம்தான். முன்னால் இருக்கும் குண்டு, உள்ளே மருந்து, பின்னால் தட்டியதும் பற்றிக்கொள்ளும் பிரைமர், இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளை உறை. முதல் மூன்றும் ஒரே தடவையில் காலி. உறை மட்டும் திரும்பக் கிடைக்கும். நல்ல தரமான புது உறை ஒன்று ஒரு டாலருக்கு மேல் விற்கிறது. அதைக் கழுவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வைத்தால் மறுபடியும் தோட்டா ரெடி. இதற்குப் பெயர்தான் ரீலோடிங். கொரோனா காலத்தில் அமெரிக்கக் கடைகளில் தோட்டா கிடைக்காமல் அலமாரிகள் காலியானபோது, இந்த வேலையில் புதிதாக இறங்கியவர்கள் ஏராளம்.

இந்த ரீலோடிங்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சு சூடாக வேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வி போதும்: “நீங்க அனீலிங் பண்றீங்களா?” ஒரு தரப்பு, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் உறையின் கழுத்தை நெருப்பில் காட்டி மென்மையாக்கியே தீர வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, அது கேஸுக்கும் நேரத்துக்கும் பிடித்த கேடு என்கிறது. இரண்டு பக்கமும் உலக அளவில் பரிசு வாங்கியவர்கள் இருப்பதால் சண்டை முடிந்தபாடில்லை.

இந்திய வாசகர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடை செய்கிறது. எனவே வீட்டு மேஜையில் உட்கார்ந்து தோட்டா செய்வது இங்கே பொழுதுபோக்கு அல்ல, வழக்கு. ஒலிம்பிக்கில் இந்தியர்கள் கலந்துகொள்ளும் ரைபிள் போட்டிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தோட்டா உறை என்பதே கிடையாது. காற்றழுத்தம் ஈயக் குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் .22 தோட்டா. அதில் பிரைமர் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். ஒரு தடவைதான், அப்புறம் குப்பை.

ஆனால் அனீலிங் கதையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதுவும் சின்னப் பங்கு அல்ல.

குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை

19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் இந்தியா. மழைக்காலம் வந்தால் ராணுவ நடவடிக்கைகள் மந்தமாகும். தோட்டாப் பெட்டிகளை நனையாமல் எங்காவது வைக்க வேண்டும். கூரை போட்ட காய்ந்த இடம் என்று கண்ணில் பட்டது குதிரை லாயம். மழை முடிந்து பெட்டியைத் திறந்தால், சுடவே சுடாத தோட்டாக்களில் விரிசல். அதுவும் கண்ட இடத்தில் இல்லை; உறையின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கிற அந்த இடத்தில். மழைப் பருவத்தில் வருவதால் இதற்கு ‘சீசன் கிராக்கிங்’, அதாவது பருவ வெடிப்பு என்று பெயர் வந்தது.

காரணம் தெளிவாக விளங்க 1921 வரை ஆனது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஆண்டு விளக்கம் கொடுத்தார்கள். குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. இன்னொன்று, உறையை அச்சில் போட்டு இழுத்து அழுத்தும்போது பித்தளைக்குள்ளேயே தங்கிவிட்ட இறுக்கம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பித்தளை தாங்கும். இரண்டும் சேர்ந்தால் பிளக்கும். லாயத்தில் அம்மோனியாவை ஒழிப்பது நடக்கிற காரியம் இல்லை. உள்ளே தங்கிய இறுக்கத்தைப் போக்க முடியும். உறையைச் சூடாக்கினால் போதும். அதுதான் அனீலிங்.

இன்றைக்கும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்தைச் சுற்றி லேசான நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை தெரியும். பழைய சரக்கோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அது தொழிற்சாலையில் கடைசியாகச் சூடு காட்டியதன் தடம். விற்பனைக்கு வரும் தோட்டாக்களில் பெரும்பாலான கம்பெனிகள் பாலிஷ் போட்டு அதை அழித்துவிடுகின்றன. பின்லாந்தின் லாபுவா போன்ற சில கம்பெனிகள் அப்படியே விட்டுவிடுகின்றன. ஆக, புது உறை ஒவ்வொன்றும் அனீலிங் ஆகித்தான் கைக்கு வருகிறது. சண்டை, அதைத் திரும்பத் திரும்பச் செய்யணுமா என்பதில்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் போட்டுத் தோட்டா உறையைத் துடைக்காதே என்பது ரீலோடிங்கில் பாலபாடம். அவர்கள் கழுவப் பயன்படுத்துவது பெரும்பாலும் சிட்ரிக் அமிலமும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் தமிழ் வீடுகளுக்கு இது புதுசில்லை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், வேலை அதே வேலை.

கட்டுக்கம்பிக்கு நடப்பதுதான் உறைக்கும்

வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவர் கையில் இருக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி, சொன்னபடி வளையும். அது ஏற்கெனவே சூடாக்கி மென்மையாக்கிய கம்பி. ஆனால் அதையே ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பத்துத் தடவை மடக்கினால் விறைத்துக்கொண்டு, பட்டென்று முறியும். உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வளைக்கும்போது அடுக்குகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன. வளைக்க வளைக்க அந்த வழுக்கல் பாதைகள் நூல்கண்டு மாதிரி சிக்கலாகிவிடும். சிக்கல் அதிகமானால் வழுக்க இடமில்லை, உலோகம் கடினமாகிறது. அதற்கு மேலும் அழுத்தினால் விரிசல்தான்.

தோட்டா உறையின் பித்தளை 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்தது. உலகம் முழுக்க இதற்கு ‘கார்ட்ரிட்ஜ் பிராஸ்’ என்றே பெயர். இது இரும்பு மாதிரி இல்லை. கார்பன் உள்ள எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். பித்தளையைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான், காற்றில் ஆறவிட்டாலும் ஒன்றுதான். பித்தளை கடினமாவது அடிப்பதாலும் வளைப்பதாலும் மட்டுமே. மென்மையாவது சூட்டால் மட்டுமே. பித்தளைத் தகட்டை அடித்துப் பாத்திரம் செய்கிற பட்டறைகளில் நடுநடுவே உலையில் காட்டுவது இதற்குத்தான். இல்லையென்றால் அடிக்கும்போதே கிழிந்துவிடும்.

ஒரு உறை ஒரு சுற்றில் எத்தனை முறை அடி வாங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சுடும்போது அதன் கழுத்து விரிந்து ரைபிளின் சேம்பர் சுவரில் ஒட்டுகிறது. பிறகு ரீலோடிங் அச்சில் அழுத்தும்போது தேவைக்கும் அதிகமாகவே சுருங்குகிறது. அச்சுக்குள் இருக்கும் உருண்டை வெளியே வரும்போது மறுபடி கொஞ்சம் விரிக்கிறது. கடைசியாகக் குண்டை உள்ளே அழுத்தும்போது இன்னொரு விரிப்பு. கட்டுக்கம்பிக் கணக்கில் ஒரு தோட்டாவுக்கு நாலு மடக்கு. ஐந்தாறு தடவை சுட்டு நிரப்பினால் கழுத்து விறைத்துவிடும். ஒரு நாள் வாயிலிருந்து கீழே நேர்கோட்டில் பிளவு விழும். அந்த உறை அத்தோடு முடிந்தது.

விறைத்த கழுத்தால் இன்னொரு தொல்லை. எந்த உலோகத்தையும் அழுத்திவிட்டால் கொஞ்சம் பின்வாங்கும், ஸ்பிரிங் மாதிரி. மென்மையான பித்தளை கொஞ்சமாகப் பின்வாங்கும், விறைத்தது அதிகமாகப் பின்வாங்கும். இரண்டு தடவை சுட்ட உறையையும் எட்டுத் தடவை சுட்ட உறையையும் ஒரே அச்சில் போட்டாலும் ஒரே அளவு வராது. குண்டைக் கழுத்து பிடிக்கும் பிடி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். அந்த மெல்லிய பிடி உறைக்கு உறை மாறினால், குண்டு கிளம்பும் வேகமும் மாறலாம்.

ஆயுள் கூடுமா?

அனீலிங்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம் உறையின் ஆயுள். கழுத்து பிளக்காமல் இருந்தால் அதிக நாள் வரும். இது உண்மை, ஆனால் பாதி உண்மை.

உறை கழுத்தில் மட்டும் சாவதில்லை. அடிப்பாகத்தில் பிரைமர் உட்காரும் குழி, ஒவ்வொரு முறை சுடும்போதும் துளித்துளியாக விரிகிறது. ஒரு கட்டத்தில் பிரைமர் உள்ளே நிற்காமல் லூஸாகிவிடும். அடிக்குச் சற்று மேலே பக்கச்சுவர் இழுபட்டு மெலிந்து, ஒரு நாள் உறை இரண்டு துண்டாகப் பிரிவதும் உண்டு. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று இந்தியா முழுக்கத் தெரிந்த .303 ரைபிள்களில் இந்த இரண்டாவது வகைச் சாவு ரொம்பச் சகஜம். அதன் சேம்பர் தாராளமாக வெட்டப்பட்டது. இந்த இரண்டு நோய்க்கும் அனீலிங் மருந்தே இல்லை. அடிப்பாகத்தைச் சூடாக்கவே கூடாது என்பதால் மருந்தாக ஆகவும் முடியாது. மருந்தை உச்சக்கட்டத்துக்கு நிரப்பிச் சுடுகிறவரின் உறைகள் பெரும்பாலும் கழுத்து பிளக்கும் முன்பே பிரைமர் குழி லூஸாகித்தான் போகும். அவர் எத்தனை கேஸ் சிலிண்டர் வாங்கினாலும் ஆயுளில் லாபம் இல்லை.

காசுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 1.20 டாலர் உறை ஒன்று அனீலிங் இல்லாமல் 8 தடவையும், அனீலிங் செய்தால் 16 தடவையும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சூட்டுக்கு உறைச் செலவு 15 சென்ட்டிலிருந்து ஏழரை சென்ட்டாகக் குறைகிறது. ஏழரை சென்ட் மிச்சம். மின்காந்தத் தூண்டலால் சூடாக்கும் நவீன இயந்திரம் ஒன்று 1,500 டாலர் என்றால், போட்ட காசு திரும்ப 20,000 தடவை சுட வேண்டும். போட்டிகளில் பிரபலமான 6.5 கிரீட்மூர் ரைபிளின் குழாய் 2,000 முதல் 3,000 தோட்டாவிலேயே தேய்ந்து துல்லியம் இழக்கத் தொடங்கிவிடும் என்பது பொதுவான அனுபவம். உறையை மிச்சம் பிடிக்க வாங்கிய இயந்திரம் காசை மீட்பதற்குள் ஏழெட்டுக் குழாய் மாற்ற வேண்டியிருக்கும். 50 டாலர் டார்ச் என்றால் எழுநூறு தடவைக்குள் கணக்கு நேராகிவிடும். ஆக, மிச்சம் பிடிக்கத்தான் விலை உயர்ந்த இயந்திரம் என்று யாராவது சொன்னால், அது மனைவியிடம் சொல்லும் காரணம்.

விதிவிலக்கு இருக்கிறது. உற்பத்தியே நின்றுபோன பழைய கலிபர்களுக்கு உறை கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதேபோல, ஒரு வகை உறையின் கழுத்தை விரித்தோ சுருக்கியோ வேறு கலிபர் உறையாக மாற்றுகிறவர்கள் உண்டு. .30-06 உறையிலிருந்து இப்படிப் பிறந்த கலிபர்கள் பல. இவர்களுக்கு அனீலிங் விருப்பம் அல்ல, தேவை. இல்லாவிட்டால் மாற்றும்போதே பாதி உறை கிழியும்.

குறி துல்லியமாகுமா?

சண்டை நிஜமாகச் சூடாவது இங்கேதான்.

ஆயிரம் கஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தூரத்தில் சுடும் ‘எஃப் கிளாஸ்’ போட்டியை எடுத்துக்கொள்ளலாம். கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் பெயரால் வந்த ‘எஃப்’ அது. அமெரிக்க விதிப்படி, அந்தத் தூரத்தில் நடு வளையத்தின் விட்டம் 5 அங்குலம். ஒரு சின்னத் தட்டு அளவு. குண்டு கிளம்பும் வேகத்தில் நொடிக்கு 10 அடி வித்தியாசம் வந்தால், அந்தத் தூரத்தில் குண்டு விழும் இடம் சுமார் இரண்டு மூன்று அங்குலம் மேலேயோ கீழேயோ நகரும். நடு வளையத்தில் பாதி போச்சு. நொடிக்கு சுமார் 2,700 அடி வேகத்தில் போகும் குண்டுக்கு 10 அடி என்பது அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் இந்த வகைப் போட்டியாளர்கள் கழுத்தின் பிடி உறைக்கு உறை மாறக் கூடாது என்று உயிரை விடுகிறார்கள்.

அதே 10 அடி வித்தியாசம் 100 கஜ தூரத்தில் என்ன செய்யும்? ஓர் அங்குலத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. கண்ணுக்கே தெரியாது. மான் வேட்டைக்காக வருஷத்துக்கு இருபது முப்பது தோட்டா சுடுகிறவர் அனீலிங் செய்தாலும் செய்யாவிட்டாலும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. தரையில் பொறுக்கிய .223 உறைகளை ஆயிரக்கணக்கில் நிரப்பிப் பயிற்சிக்குச் சுடுகிறவருக்கும் அப்படியே. அந்த நேரத்தில் இன்னும் நூறு உறை பொறுக்கிவிடலாம்.

சரி, தொலைதூரப் போட்டியாளருக்காவது நிச்சயமாக உதவுகிறதா? இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. வழக்கமாக நடப்பது இதுதான்: ஒருவர் அனீலிங் செய்த 10 தோட்டாவும், செய்யாத 10 தோட்டாவும் சுடுவார். வேகத்தை அளக்கும் கருவி இரண்டுக்கும் ‘எஸ்டி’ என்ற திட்டவிலக்கம் காட்டும். செய்ததில் 8, செய்யாததில் 12. உடனே தீர்ப்பு: அனீலிங் ஜெயித்தது.

புள்ளியியல் அப்படி ஒத்துக்கொள்ளாது. பத்தே தோட்டாவில் எஸ்டி 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறக்குறைய 7லிருந்து 18 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையில் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஐந்தே தோட்டா என்றால் நிலைமை இன்னும் மோசம், 6லிருந்து கிட்டத்தட்ட 29 வரை. அப்படியிருக்க 8க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் அனீலிங்காலும் வந்திருக்கலாம், சும்மாவும் வந்திருக்கலாம். எதிர்த் தரப்பும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. “நானும் சோதித்தேன், ஒரு மாற்றமும் இல்லை” என்று பத்துத் தோட்டாவோடு முடித்துக்கொள்வது ஆதாரம் ஆகாது. உருப்படியாகச் சோதிக்க ஒவ்வொரு பக்கமும் ஐம்பது நூறு தோட்டா வேண்டும். அதற்குள் குழாய் தேயும், காற்று மாறும், தோள் வலிக்கும். இரண்டு தரப்பும் இத்தனை வருஷம் நம்பிக்கையோடு சண்டை போட முடிவதற்கு இதுவே பெரிய காரணம்.

உலோகவியல் என்ன சொல்கிறது என்பதில் மட்டும் குழப்பம் இல்லை. சுடச்சுடக் கழுத்து விறைக்கிறது; விறைத்தால் பின்வாங்கும் அளவு மாறுகிறது; சரியாகச் சூடாக்கினால் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. அச்சிலிருந்து வெளிவரும் உறைகளின் தோள் உயரத்தை அளந்தால், அனீலிங் செய்தவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதை அளவுகோலிலேயே பார்க்கலாம். இந்த ஒழுங்கு இலக்குப் பலகையில் எவ்வளவு தெரியும் என்பது தூரத்தையும், மற்ற விஷயங்கள் ஏற்கெனவே எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. மருந்தைத் துல்லியமாக எடை போடாதவர், காற்றைப் படிக்கத் தெரியாதவர் அனீலிங்கில் ஆரம்பிப்பது, வண்டிக்கு பிரேக் இல்லாமல் ஸ்பாய்லர் மாட்டுவது மாதிரி.

ஒன்று மட்டும் உறுதி. செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யணும். பாதி உறைக்குச் செய்து பாதிக்கு விட்டு எல்லாவற்றையும் கலந்து சுட்டால், எதுவுமே செய்யாமல் இருந்ததைவிட மோசம். ஒரே அளவு விறைத்த நூறு உறைகள், மென்மையும் விறைப்புமாகக் கலந்த நூறு உறைகளைவிட நன்றாகவே சுடும்.

சூடு எங்கே நிற்க வேண்டும்?

இதுவரை பேசியது காசும் புள்ளிகளும். இனி வருவது முகமும் கண்ணும்.

.308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே உருவாகும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ. கார் டயரில் அடிக்கிற காற்று 32 பிஎஸ்ஐ. கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு, சுடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். உறையின் பக்கங்களை ரைபிளின் எஃகுச் சுவர் தாங்கிக்கொள்ளும். ஆனால் அடிப்பாகத்தின் ஒரு சிறு பகுதி அந்தச் சுவருக்கு வெளியே, தன் சொந்த பலத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் தொழிற்சாலையில் உறையின் அடியை வேண்டுமென்றே கடினமாகவும் கழுத்தை மென்மையாகவும் வைக்கிறார்கள். அடி மென்மையானால் அந்த அழுத்தத்தில் பித்தளை பிதுங்கும், கிழியும், சூடான வாயு பின்பக்கமாகப் பீய்ச்சும்.

சிக்கல் என்னவென்றால், பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும், எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கழுத்தில் காட்டிய நெருப்பு சில நொடியில் அடிக்கு இறங்கிவிடும். கையேடுகள் கார்ட்ரிட்ஜ் பிராஸை மென்மையாக்க 425லிருந்து 760 டிகிரி செல்சியஸ் வரை சொல்கின்றன. அடியோ 250 டிகிரியைக்கூடத் தொடக் கூடாது. ஒரே உறையில், இரண்டு அங்குல நீளத்துக்குள் இந்த இரண்டும் நடக்க வேண்டும். அதனால் இது நிதானமாகச் செய்யும் வேலை அல்ல. சட்டென்று சூடாக்கிச் சட்டென்று விலக்க வேண்டும்.

பழைய காலத்தில் தட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, உறைகளை நிற்க வைத்து, மேலே டார்ச்சைக் காட்டி, தட்டித் தண்ணீருக்குள் சாய்ப்பார்கள். அடி நனைந்திருப்பதால் பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரே சூடு கிடைக்காது. இப்போது உறையைச் சுழற்றியபடி ஒன்றிரண்டு டார்ச் முன்னால் சில நொடி நிறுத்தித் தள்ளிவிடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. குறிப்பிட்ட சூட்டில் உருகும் வண்ணப்பூச்சைத் தடவிச் சரிபார்ப்பார்கள். வேறு சிலர் அறையை இருட்டாக்கி, கழுத்து லேசாகச் சிவக்கத் தொடங்கியதும் நிறுத்துவார்கள். எந்தப் பொருளும் சுமார் 525 டிகிரியில்தான் இருட்டில் மங்கலாக ஒளிரத் தொடங்கும். ஜான் வில்லியம் டிரேப்பர் 1847இல் கண்டது அது. எனவே இந்தக் கண் அளவுக்கும் அறிவியல் அடிப்படை உண்டு. நியூசிலாந்தின் ஏஎம்பி நிறுவனம் செய்யும் மின்காந்த இயந்திரம், அதே பேட்ச் உறை ஒன்றைப் பலி கொடுத்துச் சோதித்து, எவ்வளவு சக்தி வேண்டும் என்று தானே முடிவு செய்கிறது. ஒழுங்கில் அதுவே முன்னணி, விலையிலும்தான். உருகிய நைட்ரேட் உப்பில் கழுத்தை முக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. 500 டிகிரி உப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை. அடுப்பங்கரைக்கு அது ஆகாது.

கழுத்தை ரொம்ப மென்மையாக்கிவிட்டால் குண்டைப் பிடிக்கும் பிடியே போய்விடும். துல்லியத்துக்காக ஆரம்பித்த வேலை துல்லியத்தையே கெடுக்கும். அதைவிடப் பெரிய தவறு, முழு உறையையும் அதிக சூட்டில் போட்டு எடுப்பது. பளபளவென்று வந்தாலும் அந்த உறை செத்தது. தீ விபத்தில் சிக்கிய வீட்டிலிருந்து எடுத்த உறைகளுக்கும் இதே கதி. மென்மையான அடியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிச் சந்தேகம் வந்த உறையைக் குறடால் நசுக்கி எடைக்குப் போடுவதுதான் வழக்கம்.

ஒரு பழைய பயமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் அதற்கு மேல் போனால் பித்தளையிலிருந்து துத்தநாகம் ‘எரிந்து போய்விடும்’ என்பது. அது தனித் துத்தநாகத்துக்கான கணக்கு. பித்தளைக்குள் துத்தநாகம் தனியாகச் சேர்ந்து கிடப்பதில்லை, செம்போடு அணு அணுவாகக் கலந்திருக்கிறது. இந்தக் கலவை உருகத் தொடங்கவே 915 டிகிரி ஆகும். பாயசம் வைத்த பிறகு அதிலிருந்து சர்க்கரை மட்டும் தனியாக உருகி ஓடுமா? அதுபோலத்தான்.

இந்தச் சூட்டில் கழுத்துக்குக் கிடைக்கும் பழைய மென்மை நிரந்தரமும் இல்லை. அடுத்த முறை சுட்டு, அச்சில் போட்டவுடனே விறைப்பு மறுபடி ஏறத் தொடங்குகிறது. அதனால் போட்டிக்காரர்களில் ஒரு பிரிவு ஒவ்வொரு சுற்றுக்கும் செய்கிறது. இன்னொரு பிரிவு நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை. வேறு சிலர் ஐந்தாறு தடவை சுட்டதும் மொத்த உறைகளையும் பழைய பித்தளைக்காரரிடம் போட்டுவிட்டு, கழுத்தில் நீலக் கறையோடு வரும் புதுப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். வருஷத்துக்குச் சில நூறு தோட்டா மட்டும் சுடுகிறவருக்கு, கணக்குப் பார்த்தால் அதுவும் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை.